முட்டைக்குத் தனிப் பாராசூட்

டெய்லரம்மாவுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது ஒரு குடையால்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணக்கு வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்து, "குடை மாதிரி ஒண்ணு தைக்கணும், ஆனா கம்பி வேண்டாம், பிடியும் வேண்டாம்" என்றார். ஆள் ஒரு மாதிரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் துணியை வெட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஓர் அட்டை ராக்கெட் சீறிக்கொண்டு மேலே போய், அவள் தைத்த துணி விரிந்து ஆடி ஆடி இறங்கியதைப் பார்த்த பிறகு, ஒரு மாதிரி ஆனது இவள்தான்.

அன்றிலிருந்து வாத்தியாரின் ராக்கெட் சங்கத்துப் பாராசூட் எல்லாம் அவள் கைவேலை. மனிதன் முதன்முதலில் விண்வெளிக்குப் போன நாளை அந்தச் சங்கம் வருஷம் தவறாமல் கொண்டாடும். ஆளுக்கொரு பழைய விண்கலத்தின் மாதிரியைச் செய்து, உள்ளே பச்சை முட்டை ஒன்றை வைத்து அனுப்புவார்கள். முட்டைதான் விண்வெளி வீரர். முழுசாகத் திரும்பினால் கைதட்டல். உடைந்தால் அடுத்த வருஷம் வரை கேலி. இதில் டெய்லரம்மா ஒருமுறைகூட ராக்கெட்டை ஏவும் பட்டனை அழுத்தியதில்லை. "அம்மா தையல்ல கில்லாடி" என்று புகழ்ந்துவிட்டு, கிழிந்த பாராசூட்டை நீட்டுவார்கள். அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

இந்த வருஷம் வாய்விட்டுக் கேட்டேவிட்டாள்.

"சார், முதன்முதல்ல மேல போன பொண்ணோட கலத்தை நான் விடுறேன். அவங்களும் நம்ம மாதிரி நூலு, துணின்னு ஆலையில வேலை பார்த்தவங்கதான். இறங்கறப்போ கலத்தை விட்டு வெளிய வந்து, தனிப் பாராசூட்லதான் இறங்குனாங்க. என் முட்டையும் அப்படித்தான் இறங்கும்."

"ரெண்டு பாராசூட்டா? கயிறு சிக்கிக்கும்மா. பேசாம முட்டையை உள்ளயே வைங்க" என்றார் வாத்தியார்.

அவள் பிடித்த பிடியை விடவில்லை. "உங்க இஷ்டம்" என்றார் அவர். முட்டை உடைந்தால் மறுபடியும் ஊசியும் நூலும்தான் கதி என்பது அவளுக்குச் சொல்லாமலே விளங்கியது.

கொண்டாட்டத்தன்று காலையில் கடையிலேயே கடைசி வேலை நடந்தது. முட்டைக்கு ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு வைத்த சட்டை தைத்து, அதன் கழுத்தில் சின்னப் பாராசூட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர்தான் கடையில் இஸ்திரி போடுகிறவர். "ஏங்க, அந்தப் பெரிய பாராசூட்டை மடிச்சுக் கலத்துக்குள்ள வெச்சிடுங்க" என்றாள். "நீ கவலைப்படாதே" என்றார் அவர். அந்தப் பதிலைக் கேட்டதுமே அவள் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

மைதானத்தில் அவள் முறை வந்தது. பட்டனை அழுத்தினாள். ராக்கெட் நேராக ஏறியது. உச்சியில் மூக்கு கழன்றது. கலம் ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம். கலத்தின் பாராசூட் விரியவே இல்லை. பட்டையாக மடித்தது மடித்தபடியே கீழே வந்து, தரையில் மோதி, கலம் இரண்டாகப் பிளந்தது. யாரோ "அடடா" என்றார்கள். டெய்லரம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆரஞ்சுச் சட்டை வெயிலில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. புல்லில் உட்கார்ந்ததும் ஓடிப்போய்ச் சட்டையைப் பிரித்தாள். முட்டையில் ஒரு கீறல் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்காரர் பிளந்த கலத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். பாராசூட்டின் நைலான் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"என்னங்க பண்ணீங்க இதை?"

"சும்மா லேசா ஒரு இஸ்திரி… முதல் தடவை உன் பேர்ல போகுது, கசங்கலாப் போனா நல்லாவா இருக்கும்?"

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம். சிரிப்புதான் வந்தது. "இருபது வருஷமா மடிப்புக் கலையாம கொடுத்துப் பழகிட்டீங்க. இது கலையணுங்க!"

வாத்தியார் அந்த முட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள வெச்சிருந்தா ஆம்லெட்தான்" என்று ஒத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் இழுத்தபடி, "அடுத்த வருஷம் என்னோடதுக்கும் இதே மாதிரி ரெண்டு தைச்சுக் கொடுத்துடுங்கம்மா" என்றார்.

டெய்லரம்மா முட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"கடைக்கு வாங்க சார், மிஷின் சும்மாதான் இருக்கும். எப்படின்னு காட்டுறேன், நீங்களே தைச்சுக்கலாம். அடுத்த வருஷம் எனக்கு என் ராக்கெட் வேலையே சரியா இருக்கும்."