தண்ணீர் ஏறாத படம்

அந்தப் பள்ளியில் நூலகர் என்றால் சாவிக்கொத்து என்றுதான் அர்த்தம். புதிய நூலகராக வந்த அவளுக்கு முன்னால் இருந்தவர் பன்னிரண்டு வருடம் அலமாரிகளைப் பூட்டியே வைத்திருந்தார். ஒரு புத்தகமும் தொலையவில்லை. ஒரு பிள்ளையும் படிக்கவில்லை. அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே பூட்டுகளை எல்லாம் கழற்றி ஓரமாகப் போட்டாள்.

"கிழிச்சுப் போட்டுடுவாங்கம்மா, இந்தப் பிள்ளைங்க" என்றார் பியூன்.

"கரையான் தின்னுறதுக்குப் பிள்ளைங்க கிழிக்கிறது எவ்வளவோ மேல் அண்ணே."

வீட்டில் அண்ணிக்கு அவள் வேலை தீராத கேலி. "புத்தகம் என்ன எழுந்து ஓடவா போகுது? நாள் முழுக்க அதுக்குக் காவல் இருக்கே!" அவளும் சேர்ந்து சிரிப்பாள். எந்தப் பிள்ளையின் கை எந்த அடுக்குக்குப் போகிறது, எது பாதியில் திரும்பி வருகிறது என்று அவள் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்திருப்பது அண்ணிக்கு எங்கே தெரியும்!

பிள்ளைகளிடம் அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. புத்தகத்தில் கிறுக்கினால் ஒரு மாதம் நூலக அட்டை கிடையாது.

ஒருநாள் மதியம், திரும்பி வந்த இயந்திரப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது கைப்பம்புப் படத்தின் மேல் பென்சில் கோடுகள் தெரிந்தன. ஓரத்தில், 'இப்படி இருந்தா தண்ணி ஏறாது' என்று எழுத்து. கடைசியாக எடுத்துப் போனவள் எட்டாம் வகுப்பு மாணவி. அறிவியலில் முட்டை வாங்குகிறவள் என்று பெயர் எடுத்தவள். நூலகர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"நான்தான் டீச்சர். ஆனா படம் தப்பு. கைப்பிடியை அழுத்தினா உள்ள பிஸ்டன் மேல வரும். அப்போ அடிவால்வு திறக்கணும், பிஸ்டன்ல இருக்கிற வால்வு மூடணும். இதுல தலைகீழா போட்டிருக்காங்க. எங்க அப்பா பம்பு ரிப்பேர் பண்றவர். அவர்கூட நானே பிரிச்சுப் பாத்திருக்கேன்."

சட்டம் சட்டம்தான், அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். பெண்ணின் முகம் சுண்டிப்போனது. "அட்டைதான் இங்க இருக்கு, கண்ணு உங்கிட்டதானே இருக்கு? தினமும் வந்து இங்கேயே உக்காந்து படி" என்று அனுப்பிவிட்டு, புத்தகத்தோடு ஆசிரியர் அறைக்குப் போனாள்.

அறிவியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சிவப்பு மை. விடைத்தாளை வெளுத்து வாங்கிவிடுவார்.

"சார், படம் தப்பா, பொண்ணு தப்பா? எனக்குத் தெரியலை."

"அச்சுப் புத்தகத்தைவிட அவளுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று சிரித்தபடி வாங்கினார். பார்த்தார். மறுபடி பார்த்தார். ஒரு தாளை எடுத்து வரைந்து பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதே படத்தைத்தான் டீச்சர், ஒன்பது வருஷமா போர்டுல போடறேன்."

ஊருக்கெல்லாம் தமுக்கடிக்க இதைவிட நல்ல சேதி கிடைக்காது. அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அடுத்த வகுப்பை நூலகத்துல எடுங்களேன் சார். பம்புக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

பெண்ணின் அப்பா பழைய பம்பு ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். நாற்பது பிள்ளைகள் முன்னால் சிவப்பு மை தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன். சரியானதை இவ சொல்லுவா" என்றார். பெண் வாளியில் பம்பை நிறுத்தி அழுத்த, தண்ணீர் குபுகுபுவென்று தரையெல்லாம் பாய்ந்தது. நூலகர் கீழடுக்குப் புத்தகங்களை வாரி அணைத்துக்கொண்டு மேசைமேல் ஏறினாள். முதலில் சிரித்தவர் சிவப்பு மைதான்.

அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தப்பு கண்டுபிடிக்கும் வெறி பிடித்துவிட்டது. சட்டத்தை அவள் தளர்த்தவில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள். "எழுதணுமா, இதுல எழுதுங்க." தாள்கள் நிரம்பின. சந்தேகங்கள், படங்கள், பிடிக்காத கதைக்கு வேறு முடிவுகள். அறிவியல் கேள்விகளுக்குச் சிவப்பு மையே வந்து பதில் எழுதினார். கட்டுரை நோட்டில் நாலு வரி தாண்டாத பையன் ஒருவன் ஒரு கதைக்கு மூன்று பக்க முடிவு எழுதியிருந்ததை அவள் தமிழாசிரியையிடம் காட்டினாள். "இவனா எழுதினான்?" என்று வாயைப் பிளந்த அவர், வெள்ளிக்கிழமை கட்டுரை வகுப்பை நூலகத்துக்கே மாற்றிக்கொண்டார்.

பம்பு படத்தைச் சரியாக வரைந்து பதிப்பகத்துக்கு அந்தப் பெண் எழுதிய கடிதத்தில் ஆசிரியரும் கையெழுத்துப் போட்டார். அடுத்த பதிப்பில் திருத்துவதாக நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது.

வருடம் முடிவதற்குள் நூலக நேரத்துக்கு ஆசிரியர்கள் இடையே போட்டியே வந்துவிட்டது. கணக்குப் பாடத்துக்கு நூலகம் எதற்கு என்று அதுவரை முறுக்கிக்கொண்டிருந்த கணக்கு ஆசிரியர், ஒருநாள் வாசலில் தயங்கி நின்றார்.

"எனக்கும் ஒரு பீரியட் கிடைக்குமா டீச்சர்?"

அவள் நாட்குறிப்பைப் புரட்டினாள். "வியாழக்கிழமை மூணாவது பீரியட் காலி சார். என்ன பாடம்னு மட்டும் சொல்லுங்க, புத்தகம் தேடி வைக்கிறேன்."