கோழிக்கூண்டுக்கு வாரா வாரம் புது உமி

ஜவ்வாது மலைக்கு வாத்தியாரா வந்த நாலு மாசமா, ஞாயித்துக்கிழமை தவறாம என் கோழிக்கூண்டுத் தரையில பரப்புன உமியை மாத்துறேன்.

சொல்லிக் குடுத்தது பக்கத்து வூட்டு பச்சையம்மாக்கா. பழைய உமியையும் பாவம், அவங்களே கூடையில வாரிக்கினு போவாங்க.

இன்னிக்குப் போளூர் டீக்கடை ரேடியோவுல, உமி நனையாம இருந்தா கிளறிவிட்டாலே போதும்னாங்க.

ஜீப்பை விட்டு எறங்குனதும் கேட்டேன். "உங்க கூண்டுல எப்பக்கா மாத்துவீங்க?"

"மாசத்துக்கு ஒருக்கா, சார்."

"அப்ப எனக்கு மட்டும் இன்னாத்துக்கு வாரா வாரம்?"

அக்கா சிரிச்சிக்கினே தன் கொல்லையைக் காட்டினாங்க. என் கோழி எச்சம் கலந்த உமி எருவைத் தின்னு, சாமை இடுப்பளவு நிக்குது.

"அறுத்ததும் மொதல் சோறு உங்களுக்குத்தான் சார்."

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நீங்களா இருந்தா மாத்துவீங்களா, மாட்டீங்களா?