இரண்டு முறை வந்த எட்டு

ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி எட்டு வந்தால் ஆள் காலி என்று நான் நம்பினேன். சும்மா இல்லை, தொழில்முறையாக நம்பினேன். திருக்கோகர்ணத்தில் பழைய பைக் வாங்கி விற்கிறவன் நான். நம்பர் பிளேட்டைக் கூட்டி எட்டு வந்தால் வாங்க வந்தவர் சாவியைக்கூடத் தொடமாட்டார். அவர்கள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் ஒருநாள் காலை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல அழுத்தம். இடது கை கனத்தது. நானே வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் நெஞ்சுவலி என்று சொல்ல வெட்கப்பட்டு, “லேசா வாயுங்க” என்றேன். ஈசிஜி எடுக்கச் சீட்டும், எண் போட்ட அட்டையும் தந்தார்கள். 304215236. கூட்டினால் இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு.

ஈசிஜி அறை பத்தடி தூரம்தான். போகவில்லை. இந்த நம்பரோடு உள்ளே போனால் படுத்தபடிதான் வெளியே வருவேன் என்று பட்டது. அட்டையைப் பையில் ஒளித்துவிட்டு, மனைவியின் போன் நம்பரைக் கொடுத்துப் புது நோயாளியாகப் பதியலாம் என்று பக்கத்துக் கவுண்டர் வரிசையில் நின்றேன். நாற்பது நிமிடம். சட்டை வியர்வையில் நனைந்தது. ஃபேனைத் திட்டினேன்.

புது எண் 304215254. மறுபடி இருபத்தாறு. மறுபடி எட்டு.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“ரெண்டு நம்பருக்கும் வித்தியாசம் எவ்ளோ?”

“பதினெட்டு.”

“ஒம்பதோட மடங்கு. அப்ப அதே எட்டுதான் வரும். ஒம்பதால வகுத்தா என்ன மிச்சமோ, அதத்தான் இம்புட்டு நேரம் கூட்டிக்கிட்டு நின்னிருக்கீங்க. ஒவ்வொரு ஒம்பதாவது ஆளுக்கும் எட்டுதாங்க. அவங்கள்லாம் சாகவா வந்திருக்காங்க?”

“அப்ப இன்னும் ஒரு ஆள முன்னாடி விட்டிருந்தா...”

“ஏங்க, ஈசிஜி எடுத்தாச்சா?”

“இல்ல.”

“இன்னும் வலிக்குதா?”

“ம்.”

“போன வச்சிட்டு உள்ள போங்க. நான் இப்பவே கெளம்பி வாரேன்.”

திரும்பி வரிசையைப் பார்த்தேன். நான் தப்பித்திருந்தால் அந்த எட்டு இவர்களில் ஒருவர் கைக்குத்தான் போயிருக்கும். நாற்பது நிமிடத்தில் ஒரு நொடிகூட அது எனக்குத் தோன்றவில்லை. எண்ணுக்கு யார் மேலும் பகை இல்லை. அது பாட்டுக்கு ஒவ்வொன்றாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஆள் பார்த்தது நான்தான்.

ஈசிஜி எடுத்தவர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஒரு ரத்தக்குழாய் அடைத்திருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் ஏன் இவ்வளவு தாமதம் என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள்.