சிவப்புச் சீல்காரர் வீடு பார்த்த கதை

லிஃப்ட் ஆய்வாளருக்குக் கடல் என்றாலே ஆகாது. கடலைக் கண்டதும் ஊரே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும். அவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கரையோரக் கட்டடங்களின் ஜன்னல் கம்பிகளை உற்றுப் பார்ப்பார். உப்புக்காற்று எதையெல்லாம் தின்றிருக்கிறது என்று பார்ப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

இருபத்திரண்டு வருடங்களாக லிஃப்டுகளைச் சோதிப்பதுதான் வேலை. கோளாறு கண்டால் கதவில் சிவப்புச் சீல் வைத்துப் பூட்டிவிடுவார். சீல் வைத்தவரேதான் திரும்பி வந்து, சரிசெய்ததைப் பார்த்து, தன் கையால் அதைப் பிரிக்க வேண்டும் என்பது துறையின் விதி. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நாலு சீல் இருக்கும். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே சிவப்புச் சீல்தான்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் துறை ஒரு தாளை நீட்டியது. மூன்று கடற்கரை ஊர்களில் ஆள் தேவை. எந்த ஊர் வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லவும்.

"மூணும் கடலா?" என்று கேட்டார், மூன்று குப்பைத்தொட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்ன மாதிரி.

வீட்டில் அவருடைய மனைவிக்கு இது புதிதில்லை. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். பதினைந்து வருடங்களில் ஐந்து ஊர் பார்த்தாகிவிட்டது. அதற்குக் காரணம் மாற்றல் உத்தரவு பாதி, அவர் வாய் பாதி. "எந்த ஊர்னாலும் எனக்கு ஊசி ஒண்ணுதான். ஆனா போற எடமெல்லாம் நான்தான் புதுசு. நேத்து வந்த பொண்ணு எனக்கு நரம்பு தேடச் சொல்லித் தருது" என்பாள்.

அவளைக்கூடச் சமாளித்துவிடலாம். மகள்தான் பிரச்சினை. பதினாலு வயது, ஐந்தாவது பள்ளிக்கூடம். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகியும், தன் சாமான்களைக் கட்டிவந்த பெரிய அட்டைப்பெட்டியை அவள் பிரிக்கவே இல்லை. ஒட்டிய டேப் ஒட்டியபடி கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஏதாவது வேண்டுமென்றால் மூலையில் போட்ட ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்துக்கொள்வாள். கேட்டால், "எப்படியும் மறுபடி கட்டணும்ல?" என்பாள். வகுப்பில் பக்கத்தில் உட்காருவது யார் என்று கேட்டால், "யாரோ."

"இந்தத் தடவை அவ பெட்டியைப் பிரிக்கிற ஊரா பாருங்க. வேற ஒண்ணையும் பாக்க வேண்டாம்" என்றாள் மனைவி. அவரும் தலையாட்டினார். வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள்.

முதல் ஊர் படங்களில் வரும் ஊர். கரை நெடுகப் பெஞ்சுகள். அத்தனை பெஞ்சிலும் ஆட்கள் உட்கார்ந்து, கடலைப் பார்க்காமல், கடலைப் பார்க்கிற தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுத் தரகர் ஒரு குளியலறைக்குள் கூட்டிப்போய், வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறச் சொன்னார். மேலே ஏறி, கழுத்தை வளைத்து, இடது கண்ணை மூடினால், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் கைக்குட்டை அகலத்துக்குக் கடல் தெரிந்தது.

"கடல் பார்த்த வீடு சார்" என்றார் தரகர்.

"கடல்தான் எட்டிப் பார்க்குது, யாரு குளிக்கிறாங்கன்னு" என்றார் ஆய்வாளர். அந்த ஊர் அத்தோடு முடிந்தது.

இரண்டாவது, துறைமுக ஊர். மீன்தூள் ஆலை ஒன்று ஊருக்கு நடுவில் புகைந்துகொண்டிருந்தது. பேருந்திலிருந்து இறங்கியதுமே மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர்களை ஏற இறங்கப் பார்த்து, "ஒரு வாரம் போனா வாடை தெரியாது" என்றார்.

"போயிடுமா?"

"வாடை போகாது. மூக்கு போயிடும்."

இந்த ஊரில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று சொல்லி, அடுத்த பேருந்தைப் பிடித்தார் ஆய்வாளர்.

மூன்றாவது ஊரைத் திட்டுவதற்கும் வழியில் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தார். ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த ஊர். எல்லாரும் வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு, சாவி தீரப்போகிற பொம்மைகள் மாதிரி மெதுவாக நடந்தார்கள். எதிரில் வந்தவரெல்லாம் சிரித்தார்கள். "என்னத்துக்கு இளிக்கிறானுங்க? நம்ம மூஞ்சில என்ன எழுதியிருக்கு?" என்று முணுமுணுத்தார்.

வீடு நாலாவது மாடியில். லிஃப்டில் ஏறும்போதே அவர் காதுகள் விடைத்தன. இரண்டாவது மாடிக்கு மேல் ஒரு சின்ன உதறல். மனைவி அவர் கையைக் கிள்ளினாள். அதற்கு அர்த்தம் வாயைத் திறக்காதீர்கள் என்பது.

மூன்று அறைகள். தரை சுத்தம், சுவரில் ஈரமில்லை. மகள் நேராகக் கடைசி அறைக்குப் போனாள். சின்ன அறை, ஜன்னலுக்குக் கீழே பள்ளிக்கூட மைதானம். அவள் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் பந்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காலால் தரையில் ஒரு சதுரம் வரைந்து காட்டினாள்.

"அம்மா, என் பெட்டியை இங்க வச்சுப் பிரிச்சா, துணி எல்லாம் அந்த அலமாரிக்கே போயிடும்."

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவருக்கும் காதில் விழுந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீடு காட்ட வந்த தரகரிடம், "வீடு பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து வருடக்கணக்காகிறது.

அத்தோடு கீழே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் இறங்கும்போதும் அதே இடத்தில் லிஃப்ட் உதறியது. கீழே வந்ததும், இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்ற குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் அடையாள அட்டையை நீட்டினார். மொட்டை மாடியில் இயந்திர அறையைத் திறக்கச் சொல்லி, லிஃப்டை நிறுத்தச் சொல்லி, லிஃப்டைத் தாங்கும் கம்பிவடத்தில் கைக்குட்டையைச் சுற்றி மெல்ல இழுத்தார். ஓரடிக்குள் ஏழு இடத்தில் துணி சிக்கியது. சிக்கின இடத்திலெல்லாம் கம்பி இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன.

"வேலை முடிஞ்சுது" என்றார். எதைச் சொல்கிறார் என்று செயலாளருக்குப் புரிவதற்குள் கீழே கதவில் சீல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அடுத்த வாரமே மாத்திடுறோம் சார்!"

"மாத்துங்க. வந்து பிரிக்கிறேன்."

மனைவி அவரை ஒதுக்கி இழுத்தாள். "ஏங்க, முதல்ல வீட்டைப் பேசி முடிச்சிருக்கலாமே. ஒரு மணி நேரம் உங்க கை பொறுக்காதா?"

"இவதான் தினம் இதுல ஏறப்போறா" என்று மகளைக் காட்டினார்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். அதற்குள் அஞ்சாவது மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி மேலிருந்தே கத்தினாள்: "எவன்டா அது என் லிஃப்டை நிறுத்தினது? வாடகைக்கு வந்தவனா? அவனுக்கு வீடு கிடையாது, போகச் சொல்லு!"

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "சார், நீங்க வீடு பாக்க வந்தீங்களா, வீட்டுக்குப் பூட்டுப் போட வந்தீங்களா?"

திரும்பும் பேருந்தில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அழவில்லை. ஊர் எல்லை தாண்டியதும், "பரவால்லப்பா. பெட்டி கட்டினபடியே இருக்கு. வேலை மிச்சம்" என்றாள். யார் யாரோ இருபத்திரண்டு வருடங்களாக அவரைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உறைத்ததில்லை.

திங்கட்கிழமை அவர் தாளில் மூன்றாவது ஊரையே எழுதிக் கொடுத்தார்.

"வீடு தர மாட்டேன்னு துரத்தின ஊருக்கா?" என்றாள் மனைவி.

"சீல் அங்கதானே இருக்கு?" என்றார். வேறு விளக்கம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை செயலாளர் போன் செய்தார். "சீல் வச்சவர் வந்துதான் பிரிக்கணுமாமே? நீங்க எங்கேயோ உக்காந்திருந்தா நாங்க உங்களுக்காகத் தவம் கெடக்கணுமா? வந்து குடியேறுங்க. வீட்டுக்கார அம்மாகிட்டப் பேசிட்டேன். பாசம்னு நெனச்சுக்காதீங்க சார். ஆள் கண்ணு முன்னால இருந்தா திட்டுறதுக்கு வசதின்னு சொல்றாங்க."

குடியேறிய அன்று புது வடம் இன்னும் வந்திருக்கவில்லை. சாமான் இறக்கிய ஆட்கள் சீலைப் பார்த்தார்கள், நாலு மாடிப் படிகளைப் பார்த்தார்கள், எல்லாவற்றையும் தரைத்தளத்திலேயே வைத்துவிட்டுக் கம்பி நீட்டினார்கள். ஆய்வாளர் கட்டில் சட்டத்தைத் தோளில் ஏற்றினார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. ஒருவர் நாற்காலியே போட்டு உட்கார்ந்துவிட்டார். சிரித்து வரவேற்ற ஊர் இதுதானா என்று தோன்றியது.

"லிஃப்ட் இருக்கே சார், அதுல வரலாமே?" என்றாள் முதல் மாடிப் பெண்மணி.

"பாத்துப் போங்க, படிக்கு யாராவது சீல் வச்சிடப் போறாங்க" என்றார் நாற்காலிக்காரர்.

மகள் தன் அட்டைப்பெட்டியை யாரையும் தொடவிடவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அவரை முந்திக்கொண்டு ஏறிப் போனாள். ஓட்டை வழியாக ஒரு காலுறை தொங்கிக்கொண்டே போயிற்று.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஆய்வாளர் நின்றார். மூச்சு வாங்குவதற்கு என்றுதான் மனைவி நினைத்தாள். அவரோ கைப்பிடிக் கம்பியை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட் ஒன்று துருப்பிடித்து ஆடியது. அவருடைய வலது கை சட்டைப் பைக்குள் போனது.

"கையை வெளிய எடுங்க" என்றாள் மனைவி, பின்னாலிருந்து, பாத்திர மூட்டையோடு.

மேலே, கடைசி அறையில், டேப்பை ஒரே இழுப்பாக இழுத்துக் கிழிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது இழுப்பும் கேட்டது. அவர் பையிலிருந்து கையை எடுத்து, கட்டில் சட்டத்தை மறுபடி தோளில் சரிசெய்துகொண்டு ஏறினார்.