திரும்பிப் பார்க்கும் அத்தாவுல்லா

ஏரிக்கரை வளைவில் அத்தாவுல்லா பாய் சட்டென்று நின்றுவிட்டார். உடம்பை முழுசாகத் திருப்பி, வந்த வழியைப் பார்க்கிறார். பாதையில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். யாரோ வந்து சேர்ந்துகொண்டது போல ஒரு தலையாட்டல். பிறகு நடக்கிறார். இரண்டு மின்கம்பம் தாண்டியதும் மறுபடி அதே கூத்து.

"இன்னா பாய், எத்த தேடிகினு கீற?" என்பார் டீக்கடை லாசரஸ். "பின்னால அந்த செவல நாய்தான் வருது. அதுவும் உனுக்காக வர்ல. என் கடை பொறைக்காக வருது."

"நீ டீயப் போடு. ரெண்டு பார்சல்."

"ஒரு கிளாஸ் இங்க நின்னு குடிச்சா கொறஞ்சா பூடுவ? என் டீ அவ்ளோ கேவலமாவா கீது?"

 முன்பெல்லாம் விடியற்காலைத் தொழுகை முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் இங்கேயே இரண்டு டீ உள்ளே போய்விடும். மலைக்குப் போய் வந்ததிலிருந்து, மனைவி அக்தர் பேகம் எதிரில் இல்லாமல் பாய் டீயில் வாய் வைப்பதில்லை.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அவர் கடை. கார் சீட்டுக்கு கவர், ஆட்டோவுக்கு டாப். அறுபது தாண்டிவிட்டது. ஆள் கட்டை, விரல்கள் மட்டும் யாரிடமோ கடன் வாங்கி மாட்டியது போலப் பருமன். சீட்டைத் தைத்து முடித்ததும் அதில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணு பொய் சொல்லும் சார். இடுப்பு சொல்லாது." பேரம் பேசினால் வெடுக்கென்று பதில் வரும்: "பக்கத்து கடைக்குப் போ. நல்லா தெப்பான். மழ வந்தா நீயே வருவ."

நடையிலும் அதே வெடுக். கல்யாணமான புதிதில் தாம்பரம் சண்முகம் சாலைக்குத் துணி எடுக்கப் போனதில் ஆரம்பித்தது. இவர் முன்னால், கூடையோடு மனைவி பத்தடி பின்னால். திரும்பிப் பார்க்காமலே "வா, வா, வா" என்று கை மட்டும் பின்னால் ஆடும். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, நாகூர் தர்கா, எங்கே போனாலும் இதுதான் வரிசை. "உங்க மூஞ்சிய விட உங்க முதுகுதாங்க எனக்கு நல்லாத் தெரியும்" என்பார் அக்தர் பேகம். பாய் அதைத் தன் வேகத்துக்குக் கிடைத்த பாராட்டாகவே பல வருஷம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மலை ஆசை அந்த அம்மாளுடையது. ஹரிபிரசாத் என்று ஒரு ஜீப்காரர், கிழிந்த கூடாரம் ஒன்றைத் தைக்கக் கொடுத்திருந்தார். தையலைச் சரிபார்க்கக் கடை வாசலில் அதை விரித்துக் கட்டியிருந்தபோது மதியச் சாப்பாட்டோடு அக்தர் பேகம் வந்தார். தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே தவழ்ந்து போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. லாரி இரைச்சலுக்கு நடுவே உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "இதுக்குள்ள ரெண்டு பேரு படுக்கலாமாங்க?"

மகள் ஆஃபியா தலையில் அடித்துக்கொண்டாள். "பேரன் எடுத்த வயசுல மூட்ட தூக்கிகினு மலைக்காத்தா? ஊர்ல கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"மாப்ள பாக்கப் போனாங்கன்னு சொல்லு" என்றார் அக்தர் பேகம்.

முதுகுப் பைகளைப் பாயே தைத்தார். தோள்பட்டைக்குப் பழைய காரிலிருந்து அறுத்த சீட் பெல்ட், அதற்குள் சீட்டுக்கு வைக்கிற நுரை. அரிசியை நிரப்பிக்கொண்டு பல்லாவரம் மலை தர்காவுக்கு இரண்டு பேரும் ஏறி இறங்கிப் பழகினார்கள். பிறகு ரயிலேறி, இமாச்சலத்தில் நடக்கத் தொடங்கி, லடாக்கில் போய் முடிகிற பாதை. மூன்று வாரத்துக்கும் மேலே. ஊர் வந்தால் மாவும் உருளைக்கிழங்கும் கிடைக்கும். வராவிட்டால் கூடாரம்.

அங்கே போயும் பாய் முன்னால்தான் போனார். இரண்டாம் நாள் வெகுதூரம் போய், கூடாரம் அடித்து, டீயும் போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இருட்டும் நேரத்தில் அக்தர் பேகம் வந்து சேர்ந்தார். ஓடையில் வழுக்கி இடுப்புவரை நனைந்திருந்தது.  நேராக வந்து அவர் சட்டைப் பையில் கைவிட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய தீப்பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"இனிமே இது எங்கிட்ட இருக்கும். நீங்க தாராளமா முன்னாடி போங்க, உச்சிக்கே போங்க. அடுப்பு உங்ககிட்ட, பாத்திரம் உங்ககிட்ட. நான் வந்தாத்தான் நெருப்பு."

டீ இல்லாமல் பாயால் இருக்க முடியாது. மறுநாள் ஒரு பாறை தாண்டி நின்றார். அதற்கடுத்த நாள் வளைவுக்கு வளைவு நின்றார். திரும்பிப் பார்க்கக் கழுத்து பழகிற்று. பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, ஏற்றத்தில் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு வருவாள், இறக்கத்தில் பாடுவாள் என்று. இத்தனை வருஷமும் முதுகுக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் இந்த மனிதர் பார்த்ததே இல்லை. அப்புறம் பாதை அகலமான இடங்களில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.

கடைசிக் கணவாயில் ஏறி நின்றபோது கீழே தார் ரோடும் ஒரு பஸ்ஸும் தெரிந்தன. ஒரு இறக்கம்தான் பாக்கி. அக்தர் பேகம் மூட்டையை இறக்கிவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார்.

"டீ போடலாங்க."

"இப்பதானே குடிச்சோம்?"

"எனக்கு வேணும்."

பாய் அடுப்பை வைத்தார். அக்தர் பேகம் குச்சியை உரசினார், எரிந்தது, வாயைக் குவித்து ஊதி அணைத்தார். "காத்து ஜாஸ்தி" என்றார். இன்னொன்று. அதையும் ஊதினார். கணவாயில் கட்டியிருந்த வண்ணக் கொடிகள் ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பாய் கொடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஆமா, ஜாஸ்திதான்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே அந்த பஸ் கிளம்பிப் போய்விட்டது. அடுத்ததும் போன பிறகுதான் இறங்கினார்கள்.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் கூட்டம் நெட்டித் தள்ளியது. "யோவ் பெருசு, வழிய வுட்டு ஓரமாப் போய்யா!" பாய் நகரவில்லை. மனைவியின் பக்கத்திலேயே, அவர் நடைக்கு நடந்து, நான்கு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார்.

அதற்கப்புறம் அக்தர் பேகத்தின் வலது முழங்கால் வீங்கிற்று. முதல் சில வாரம் ஏரிக்கரை வரை வந்தார், பிறகு தெருமுனை வரை, இப்போது வாசல் வரை. ஆபரேஷன் செய்து மூட்டு மாற்றலாம், வீட்டுக்குள் நடமாடலாம், மலையை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் திரும்பும்போது அந்த அம்மாள் சொன்னது ஒன்றுதான்: "மறக்கறதுக்கும் அவுரே மாத்தர எழுதிக் குடுத்திருக்கலாம்."

போன வாரம் ஹரிபிரசாத் போன் செய்தார். வீட்டில் பாயின் கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்; கட்டிலில் இருந்த அக்தர் பேகத்துக்கும் கேட்டது. "அண்ணா, ஆகஸ்ட்ல நாங்க நாலு பேர் போறோம். அதே பக்கம்தான், வேற கணவாய். உங்களுக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன்."

எதற்கும் உடனே ஆமாம், இல்லை என்று வெட்டுகிற மனிதர், "பாக்கலாம் சார்" என்றார். அன்று மாலை, தூசி தட்டுகிறேன் என்று பரணிலிருந்து தன் பையை இறக்கினார். மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். புகையும் ஆட்டு ரோமமும் கலந்த அந்த வாடை இன்னும் போகவில்லை. தோள்பட்டையில் மூக்கை வைத்தபடி அவர் நின்றதை அக்தர் பேகம் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று அந்தி மக்ரிப் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், பை கட்டிலின் மேல் இருக்கிறது. ஸ்வெட்டர், காலுறை, கூடாரம், எல்லாம் அடைத்துக் கட்டியாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய அந்தத் தீப்பெட்டி.

"போய்ட்டு வாங்க" என்றார் அக்தர் பேகம். "எனக்காக ஏன் நிக்கணும்? எப்பவும் முன்னாடி போற ஆளுதானே நீங்க."

பாய் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனார். பைக்குள்ளிருந்த, அடி நசுங்கிய சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார்.

"அக்தர், இங்க வா. டீ போடலாம்."

சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார் அவர். "லைட்டர் ஆணியிலதானே தொங்குது?"

"அது வேணாம்." தீப்பெட்டியை நீட்டினார்.

அக்தர் பேகம் கவரைப் பிரித்து, மிச்சமிருந்த குச்சிகளில் ஒன்றை எடுத்து உரசினார். பற்றிக்கொண்டது. பாய் குனிந்து அதை ஊதி அணைத்தார்.

"காத்து ஜாஸ்தி" என்றார்.

கொசுவுக்குப் பயந்து சாயங்காலமே ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது. விசிறியும் ஓடவில்லை. அக்தர் பேகம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு இன்னொரு குச்சியை உரசினார். அத்தாவுல்லா பாய் அதையும் ஊதினார்.