முக்கால் இஞ்ச் குழாய்

முழங்கால் தேய்ந்துபோன பிறகு அம்மாவால் கொல்லைப்புறக் குளியலறைக்கு நடந்துபோக முடியவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பாதை பாசி பிடித்து வழுக்கும். ஒருநாள் சுவரைப் பிடித்தபடி பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். அப்பா வயலிலிருந்து திரும்பி வந்து பார்க்கும்வரை அப்படியே நின்றிருக்கிறாள். அதன் பிறகுதான் திருக்காட்டுப்பள்ளி வீட்டில், படுக்கையறையை ஒட்டி ஒரு குளியலறை கட்டுவதென்று முடிவானது. தஞ்சாவூரில் வேலை பார்க்கும் நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

சுவர் எழும்பியதும் குழாய் பதிக்க அடுத்த தெருவிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். வந்ததும் அவர் கேட்டது இதுதான்: "மாடித் தொட்டியிலேர்ந்து இறங்குற லைன் எந்த சைஸ் போடலாம் தங்கச்சி?"

எனக்குத் தெரியவில்லை. அப்பா முந்திக்கொண்டார். "ஒரு இஞ்ச் போடுங்க. பெருசா இருந்தாதான் தண்ணி வேகமா வரும்."

"அரை இஞ்ச் போதுங்கய்யா. சின்னதா இருந்தாதானே பீச்சி அடிக்கும்?" என்றார் பிளம்பர்.

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. செடிக்குத் தண்ணீர் விடும்போது ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறிக்கொண்டு போகும். ஆனால் அப்படி அழுத்திப் பிடித்தால் வாளி சீக்கிரம் நிரம்புமா? இத்தனை வருஷம் குழாயைத் திறந்து மூடியிருக்கிறேன், இதை யோசித்ததே இல்லை.

வாசற்படி அருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்: "பேசிக்கிட்டே இருக்கிறதுக்கு, தண்ணிய விட்டுத்தான் பாருங்களேன்."

பிளம்பருக்கும் அந்த யோசனை பிடித்துவிட்டது. அரை, முக்கால், ஒன்று என மூன்று அளவிலும் ஒவ்வொரு முழுக் குழாய் கொண்டுவந்திருந்தார். தொட்டியின் வாயில் ஒவ்வொன்றாக மாட்டி முற்றத்துக்கு இறக்கினார். கீழே நான் வாளியை வைத்தேன். நேரம் பார்க்கச் செல்போனை எடுக்கப் போனேன். அதற்குள் அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடும் கீர்த்தனை ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். தாளம் தப்பாமல் பாடுவாள் என்பதால் நான் போனை வைத்துவிட்டேன்.

அரை இஞ்ச் குழாயில், வாளி நிரம்பும்போது அம்மா மூன்றாம் சரணத்தில் இருந்தாள். முக்கால் இஞ்சில், இரண்டாம் சரணத்தை எடுத்த உடனே நிரம்பி வழிந்தது. ஒரு இஞ்சில் முதல் சரணமே முடியவில்லை.

"நான் சொன்னேன்ல!" என்றார் அப்பா.

பிளம்பர் தலையைச் சொறிந்தார். பிறகு, "எந்த லைன் போட்டாலும் கடைசியில திருகித் தொறக்குற குழாயோட வாய் அரை இஞ்ச்தானேய்யா. அதையும் மாட்டிப் பாத்துருவோமே," என்றார். மாட்டினோம். அம்மா மறுபடி பாடினாள். இப்போது அரை இஞ்ச் மட்டும் பின்தங்கியது. முக்கால் இஞ்சுக்கும் ஒரு இஞ்சுக்கும் ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

அப்பா குனிந்து குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாய்க்கால் எவ்வளவு அகலமா இருந்தா என்ன, மடை சின்னதா இருந்தா வயலுக்கு அவ்வளவுதான் பாயும்," என்றார். யாரிடமும் சொன்னது போல இல்லை.

"எனக்கு என்ன வேணும்கிறத யாருமே கேக்கலயே," என்றாள் அம்மா. "நான் தலையில சோப்பு போட்டு உக்காந்திருக்கப்போ நீங்க அடுப்படிக் குழாயத் தொறந்தா, எனக்குத் தண்ணி நிக்கக் கூடாது. அம்புட்டுதான்."

அதனால் நுனியில் இரண்டு திருகு குழாய்களை மாட்டி, ஒன்று ஓடும்போதே மற்றதையும் திறந்தோம். அரை இஞ்சில், இரண்டாவதைத் திறந்ததும் முதலாவது நூலாக இளைத்தது. முக்கால் இஞ்சில் இரண்டும் ஓடின.

"அப்ப எல்லாத்துக்கும் முக்காலே போட்டுருங்க," என்றேன்.

"வெந்நீர் லைனுக்கு மட்டும் வேணாம் தங்கச்சி. குழாய் பெருசா இருந்தா உள்ள நிக்கிற பச்சத்தண்ணியும் அதிகம். அது பூரா வெளிய வந்தப்புறம்தான் சூடு வரும்."

இப்படியாகத் தொட்டியிலிருந்து முக்கால், வெந்நீருக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் பிரியும் இடத்திலும் அரை என்று முடிவாயிற்று.

டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் அம்மா முதல்முறை குளிக்கப் போனாள். உள்ளே பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, தலைக்கு மேலே ஷவர். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அப்பா அடுப்படிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "தண்ணி வருதா?"

"ஏங்க, தொறந்துட்டீங்களா என்ன? எனக்குத் தெரியவே இல்லயே!"

கையில் இருந்த பாத்திரத்தைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு அவர் சிரித்தார்.

அன்றிலிருந்து அம்மா யாருடைய கையையும் பிடிக்காமல் காலையும் மாலையும் குளிக்கிறாள். எப்போது போன் செய்தாலும் அப்பா ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார். "ஒங்கம்மா குளிக்கப் போனா மேட்டூர் தொறந்த மாதிரி இருக்கும்மா. தொட்டி பாதி காலி. இரு, மோட்டார் போட்டுட்டு வரேன்."