ராசா கட்டாத படிகள்

தேயிலைத் தோட்டத்துக் கூலி வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன கட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பதுளை டவுனுக்கு மேலே, ஆடுகூட வழுக்கும் சரிவில் ஒரு கல்வீடு. அந்த வீடு மண்ணோடு இறங்கிவிடாமல் இருக்க ஓர் அணைச்சுவர். ஒரு மழைக்குத் தாங்காது என்று சொன்ன இன்ஜினியர் ஓய்வு பெற்றுவிட்டார். சுவர் இன்னும் வேலையில் இருக்கிறது. வெளியூர்க்காரர் தங்க இரண்டு அறைகள், வெந்நீரோடு. வீட்டுக்குப் பின்னால், மேலே இருக்கும் தோட்டத்து மாதா கோயில் வரை நூற்றுப் பன்னிரண்டு கற்படிகள். கல்லை நானேதான் புரட்டினேன். அலவாங்குக் கம்பி பிடித்த கை காய்த்துக் கிடக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

படிகளை அழகுக்குக் கட்டவில்லை. மழை நாளில் கோயிலுக்குப் போன என் மனைவி வழுக்கி விழுந்து ஒரு மாதம் படுத்துவிட்டாள். அந்த மாதம் சமையல் என்னுடையது. அதைச் சாப்பிடுவதைவிடப் படி கட்டுவது சுலபம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

அறைகள்தான் காலியாகக் கிடந்தன. ரயில் பாதையில் கடைசி ஸ்டேஷன் பதுளை. பெட்டி நிறைய வரும் வெள்ளைக்காரர்கள் எல்லாம், பட்டியைத் திறந்துவிட்ட ஆடுகளைப் போல, அதற்கு முன்னால் வரும் எல்ல என்ற ஊரிலேயே இறங்கிவிடுவார்கள். எங்களூர் வரை வருவது ஆஸ்பத்திரிக்காரர், கந்தோர் என்கிற அரசாங்க ஆபீஸ்காரர், காலி இருக்கைகள்.

எல்லயில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒரு பாலம். அதில் நின்று படம் எடுக்க வரிசை. வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் போனில், அதே பாலத்தில் கையை விரித்து நிற்கும் இன்னொரு பெண்ணின் படம். இவளும் கையை விரித்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது. இவர்கள் ஊர் பார்க்க வரவில்லை. ஏற்கனவே பார்த்தது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு வெள்ளைக்கார ஜோடி ரயிலில் தூங்கிவிட்டது. அறைக்கு ஆள் கிடைக்குமா என்று நான் நின்றிருந்த பதுளை பிளாட்பாரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"திஸ் எல்ல?" என்றான் அவன்.

"எல்ல பினிஷ். திஸ் பதுளை. லாஸ்ட்," என்றேன்.

உடனே எங்களூரின் நல்ல குணம் வெளிப்பட்டது. ஆட்டோக்காரர், "எல்லக்குத்தானே? ஏறுங்க," என்றார். தேத்தண்ணிக் கடைக்காரர் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்குக் கையைக் காட்டினார். வந்தவரைத் திருப்பி அனுப்புவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. தேத்தண்ணி தருகிறேன் என்று சொல்லி நான்தான் அவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

என் மனைவியும் பதுளைக்காரிதானே. "பாவம்ங்க, அஞ்சு மணி பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க. இங்க என்னா இருக்கு பாக்க?"

"நான் இருக்கேன்ல?"

"அதப் பாக்கவா பிளேன் ஏறி வந்தாங்க?"

முதலில் டைல்ஸ் போட்ட குளியலறையைக் காட்டினேன். பிறகு மொட்டை மாடியிலிருந்து புது பேங்க் கட்டிடத்தைக் காட்டினேன். மரியாதையாகத் தலையாட்டினார்கள். மழை பிடித்தது, பஸ் போய்விட்டது. விடிந்து பார்த்தால் இருவரும் என் படிகளில், பாதி உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே டவுன் முழுக்கப் பனிமூட்டம். யார் கட்டியது என்று கேட்டார்கள். கையை நீட்டினேன். அந்தப் பெண் காய்ப்பைத் தொட்டுப் பார்த்தாள். நான்கு நாள் இருந்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் இன்டர்நெட்டில் போட்ட படத்தைப் பார்த்து, தூங்காதவர்களும் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் ஒருவர் 'பழைய படிகள்' என்று எழுத, அடுத்தவர் 'மிகப் பழைய' என்று எழுத, மூன்றாமவர் ஒரு ராசாவையே கூட்டி வந்துவிட்டார். போன மாதம் மலையடியில் கந்தோர்க்காரர்கள் மூன்று மொழியில் பலகை நட்டார்கள்: 'பண்டைய அரசர் காலத்துக் கற்படிகள்.'

கந்தோருக்குப் போனேன். கிளார்க் யாழ்ப்பாணத்து மனிதர். கதிரை போட்டு உட்கார வைத்தார்.

"இன்ரநெற்றில அப்பிடித்தானே ஐயா போட்டிருக்கினம்."

"கீழ்ப்படியில நாய்க் காலடி இருக்கே, பாத்தீங்களா? ஈர சிமெந்துல எங்க வீட்டு நாய் ஓடுனது. ராசா காலத்துல சிமெந்து பேக்ல வந்துச்சா?"

சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராசா கட்டினதெண்டால் சனம் வரும். மனிசி வழுக்கி விழுந்ததுக்கு ஒரு ஐயா கட்டினவர் எண்டால் ஆர் வருவினம்?" என்றார்.

கதிரையை விட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் மனைவியும் அவர் பக்கம்தான். "ரூம்பு நிறையுதுல்ல. ராசாவே கட்டுனதா இருந்துட்டுப் போகட்டும்ங்க."

"விழுந்தது நீ. அதையும் ராணின்னு எழுதிட்டா?"

யோசித்துப் பார்த்தேன். தூங்கி வந்த அந்த ஜோடிக்கு எந்த ராசாவையும் தெரியாது. அவர்கள்தான் நான்கு நாள் இருந்தார்கள். ராசாவைத் தேடி வருகிறவர்கள் ஒரு படம் எடுத்துவிட்டு மத்தியானமே எல்லக்குத் திரும்புகிறார்கள்.

ஆகவே கந்தோர்க்காரர்களே, பலகையை மாற்றுங்கள். மேல்வீட்டுக்காரர் கட்டினார், அவர் மனைவி விழுந்ததால் கட்டினார், ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று மூன்று மொழியிலும் எழுதி, என் பெயரைப் போடுங்கள். எழுத்துக் கூட்ட நானே வந்து நிற்கிறேன். கூட்டம் குறைந்தால் குறையட்டும். காலி அறை எனக்குப் புதிதல்ல. ராசாவுக்கு இடம் வேண்டுமென்றால் எல்லயில் பார்த்துக்கொள்ளட்டும்.